ஆமை புகுந்த வீடு



அரிக்கேன் விளக்கின் கதையை எழுதியதற்குப் பிறகு டீச்சரைக் காணோமே என்று பலர் கேட்டிருந்தீர்கள். வீட்டில் ஒரு சம்பவம் நடந்துவிட்டது. அதனால்தான் இந்தப் பக்கம் வரவில்லை. இன்றைய பதிவும் அதிலிருந்து பிறந்ததுதான். கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள்.

சார் காலமான பிறகு இந்த வீட்டில் நானும் என் அம்மாவும் மட்டும்தான். எனக்கு 66, அம்மாவுக்கு 87. பொங்கலுக்கு டல்லாஸிலிருந்து வந்த என் மகன், வீடு பெருக்கும் ரோபோ ஒன்றை வாங்கி வைத்துவிட்டுப் போனான். தோசைக்கல்லை விடக் கொஞ்சம் பெரிய வட்டம். அடியில் சக்கரமும் துடைப்பமும். முன்னால் ஒரு கேமரா. பேசினால் கேட்கும், அதுவும் பேசும். அதை ஓட்டுவது அவன் செல்போனில் இருக்கும் ஒரு ஆப். "உனக்குக் குனிஞ்சு நிமிர முடியலைம்மா. நான் அங்கேருந்தே பெருக்கி விட்டுடறேன்" என்றான். சொன்னபடியே செய்தான். அவன் இரவு படுக்கப் போகும் நேரம் நமக்குக் காலை பத்து மணி. தினமும் அந்த நேரத்துக்கு அது ஊர்ந்து வரும்.

அம்மா அதற்கு வைத்த பெயர் ஆமை. "ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பாங்க. உம் மவன் காசு கொடுத்து ஆமையை வாங்கி உட்டுட்டுப் போயிருக்கான்" என்று சிரிப்பார்கள். ஆனால் பத்து மணி ஆனால் முதல் ஆளாக ஹாலில் உட்கார்ந்து அதற்காகக் காத்திருப்பதும் அவர்கள்தான்.

பங்குனி மாதம் ஒரு மதியம். சாப்பிட்டுவிட்டு அம்மா ஹாலில் வெறும் தரையில் படுத்திருந்தார்கள். சிவப்பு சிமெண்ட் தரை. குளுகுளுவென்று இருக்கும். ஐம்பது வருடப் பழக்கம். வெயில் தாங்காமல் முந்தானையைத் தளர்த்தி விட்டிருந்தார்கள். நான் உள்ளறையில் கண் அசந்திருந்தேன். திடீரென்று ஹாலில், "அம்மாச்சி! அம்மாச்சி! என்னாச்சு? விழுந்துட்டியா?" என்று என் மகனின் குரல்.

அங்கே அதிகாலை நான்கு மணி. தூக்கம் வராமல் போனை எடுத்தவன், சும்மா வீட்டைப் பார்க்கலாம் என்று ஆமையைக் கிளப்பியிருக்கிறான். கேமராவில் தெரிந்தது, தரையில் அசையாமல் கிடக்கும் அம்மாச்சி. பதறிவிட்டான். அம்மாவுக்கோ காதருகில் ஆண் குரல். சேலையை இழுத்துக்கொண்டு, கையை ஊன்றிச் சட்டென்று எழப்பார்த்தார்கள். கை வழுக்கியது. மணிக்கட்டில் மயிரிழை போல ஒரு விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு.

மகன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவன் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் கத்தியிருப்பார்கள். அம்மாவும் திட்டவில்லை. ஆனால் மாவுக்கட்டு போட்டுக்கொண்டு ஆட்டோவில் திரும்பி வரும்போது என்னிடம் ஒன்று கேட்டார்கள்.

"நான் படுத்திருந்ததைப் பார்த்தது யாரு?"

"உங்க பேரன்தாம்மா."

"அவன் மட்டும்தானா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் சொன்னவளுக்கு, பெற்ற தாயின் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. அதனால்தான் படிக்க உட்கார்ந்தேன். படித்ததைக் கதையாகச் சொல்கிறேன்.

முதலில் உங்களுக்கு நம் வகுப்பை ஞாபகப்படுத்துகிறேன். நான்காம் வகுப்பில் திசைகள் பாடம் நடத்தும்போது ஒருவன் கண்ணைத் துண்டால் கட்டிவிடுவேன். இன்னொருவன் கரும்பலகை அருகே நின்று, "முன்னாடி ரெண்டு அடி, சோத்தாங்கைப் பக்கம் ஒரு அடி" என்று சொல்லிச் சொல்லி அவனை வாசல் வரை கொண்டுபோக வேண்டும். ஒருமுறை வழி சொன்ன பையன் சிரிப்பு அடக்க முடியாமல் நின்றுவிட்டான். கண் கட்டியவன் நேரே போய் மேசையில் முட்டி நெற்றி புடைத்துவிட்டது. யார் என்று பெயர் சொல்ல மாட்டேன். இதைப் படித்தால் அவனே கமெண்டில் வந்து சொல்லுவான். அன்றைக்கு நான் சொன்னதும் சிலருக்கு நினைவிருக்கலாம்: வழி சொல்கிறவனுக்கு அடிபடாது, நடக்கிறவனுக்குத்தான் அடிபடும். அதனால் சொல்கிறவன்தான் அதிகம் கவனமாக இருக்க வேண்டும்.

தூரத்தில் இருந்து இயந்திரத்தை ஓட்டும் வரலாறு முழுக்க இந்த விளையாட்டுத்தான்.

1890களின் நடுவில் கல்கத்தா டவுன் ஹாலில் ஜகதீஷ் சந்திர போஸ் ஒரு செய்முறை செய்து காட்டினார். கம்பி எதுவும் இல்லாமல், மின்காந்த அலைகளைச் சுவர்களைத் தாண்டி அனுப்பி, வேறோர் இடத்தில் இருந்த மணியை ஒலிக்க வைத்தார். வெடிமருந்தையும் கொளுத்திக் காட்டினார். கை இங்கே, வேலை அங்கே என்பதை உலகத்துக்குக் காட்டிய ஆரம்ப கால நிகழ்ச்சிகளில் ஒன்று நம் நாட்டில் நடந்தது என்பதில் எனக்கு ஒரு பெருமை. ஆனால் அந்த மணிக்கு ஒரே ஒரு வேலைதான். அடி என்றால் அடிக்கும். வலது, இடது தெரியாது.

வலது இடது சொல்லிக்கொடுத்தவர் நிக்கோலா டெஸ்லா. 1898-ல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த மின்சாரக் கண்காட்சியில், தொட்டித் தண்ணீரில் ஒரு சிறிய இரும்புப் படகை மிதக்கவிட்டார். உள்ளே பேட்டரி, மோட்டார், சுக்கான், விளக்குகள். அவர் கையில் ஒரு பெட்டி. பெட்டியில் உள்ள பிடியைத் திருப்பினால் படகு திரும்பியது, விளக்கு எரிந்தது, அணைந்தது. நடுவில் கம்பி இல்லை. அதே ஆண்டு நவம்பர் 8-ம் தேதி அதற்குக் காப்புரிமையும் பெற்றார். நம் வீட்டு ரிமோட்டுகளுக்கெல்லாம் பாட்டன் அந்தப் பெட்டிதான்.

இரண்டு வருடம் கழித்து, 1900-ல் செஞ்சுரி என்ற பத்திரிகையில் டெஸ்லா ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். இப்போதைக்கு இந்த இயந்திரத்துக்கு இருப்பது கடன் வாங்கிய புத்தி, தூரத்தில் நிற்கிற மனிதனின் புத்தியைத்தான் அது சுமந்துகொண்டு போகிறது, ஒருநாள் இதற்கே சொந்தப் புத்தி வரும் என்பது அதில் அவர் சொன்ன கருத்து. கடன் வாங்கிய புத்தி! 125 வருடத்துக்கு முன்பு சொன்னது. எங்கள் வீட்டு ஆமையும் அப்படித்தானே? அதிகாலை நான்கு மணிக்குத் தூக்கம் கெட்ட ஒருவனின் புத்தியைத்தான் அன்று அது சுமந்துகொண்டு வந்தது.

ஸ்பெயின் நாட்டில் லியோனார்டோ டோரஸ் கெவேதோ என்ற பொறியாளர் 1903-ல் டெலிகினோ என்ற கருவியைப் பாரிஸ் அறிவியல் கழகத்தில் வைத்தார். ஆகாயக் கப்பல்களைச் சோதிக்கும்போது ஆட்கள் செத்துவிடக் கூடாது, ஆள் இல்லாமலே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர் நோக்கம். தந்தி அடிப்பதுபோலத் துடிப்புகளை அனுப்புவார். ஒரு துடிப்பு என்றால் ஒரு வேலை, இரண்டு என்றால் வேறு வேலை. 1906-ல் பில்பாவோ துறைமுகத்தில் ஸ்பெயின் மன்னர் முன்னிலையில் ஒரு படகை இப்படி ஓட்டிக் காட்டினார். ஆபத்தான இடத்தில் மனிதனுக்குப் பதில் இயந்திரம் போகட்டும் என்ற எண்ணம் அங்கே தொடங்குகிறது. நல்ல எண்ணம்தான்.

இதுவரை படகு. வீட்டுக்குள் எப்போது வந்தது?

1927-ல் அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் ராய் வென்ஸ்லி என்ற பொறியாளர் டெலிவாக்ஸ் என்ற ஒன்றைச் செய்தார். அது டெலிபோன் மூலம் வேலை செய்வது. மணி அடித்தால் இயந்திரமே ரிசீவரை எடுக்கும். இந்தப் பக்கம் இருப்பவர் குறிப்பிட்ட சுருதியில் ஒலி எழுப்ப வேண்டும். ஒவ்வொரு சுருதிக்கும் ஒரு வேலை. சுவிட்சைப் போடும், அணைக்கும், பதிலுக்குப் பீப் ஒலியில் நிலைமையைச் சொல்லும். மின் துணைநிலையங்களில் இரவு பகலாக ஆள் போடுவதற்குப் பதிலாகச் செய்ததுதான் அது. வாஷிங்டனில் நீர்த்தேக்கங்களில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லவும் அதை வைத்தார்கள். ஆனால் பத்திரிகைகள் விடவில்லை. வெளியே போன இல்லத்தரசி போன் செய்து வீட்டு அடுப்பைப் பற்றவைக்கலாம் என்றெல்லாம் எழுதின. நிறுவனமும் அட்டையில் கை, கால், முகம் வெட்டி அதன்மேல் மாட்டி மனிதன்போல நிறுத்தியது. வீட்டு வேலை செய்யும் ரோபோ என்ற ஆசைக்கு அந்த அட்டை மனிதன் ஒரு தொடக்கம்.

இதைப் படித்தபோது என் தம்பியின் வயல் நினைவு வந்தது. பம்புசெட்டு மோட்டாரில் சிம் கார்டு போட்ட ஸ்டார்ட்டர் வைத்திருக்கிறான். திண்ணையில் உட்கார்ந்து போன் செய்தால் மோட்டார் ஓடும், மறுபடி செய்தால் நிற்கும். முன்பெல்லாம் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மும்முனை மின்சாரம் வந்தால் டார்ச் லைட்டோடு வரப்பில் ஓடுவான். பாம்பு, பூச்சிக்குப் பயந்து அவன் மனைவி தூங்காமல் உட்கார்ந்திருப்பாள். இப்போது அந்தப் பயம் இல்லை. டெலிவாக்ஸ் நீர்த்தேக்கத்தில் செய்த வேலைக்கு ஏறக்குறைய நூறு வருடம் கழித்து நம் ஊர்க் கிணற்றடியில் ஒரு தம்பி பிறந்திருக்கிறான். தூரத்தில் இருந்து இயக்குவது கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அடுத்தது நமக்கெல்லாம் தெரிந்த டிவி ரிமோட். 1950-ல் ஜெனித் நிறுவனம் லேஸி போன்ஸ் என்று ஒன்றை விற்றது. சோம்பேறி என்று அர்த்தம் வரும் பெயர்! அதற்கு வால்போல நீண்ட வயர். அதில் தடுக்கி விழுந்தவர்கள் குறைபட்டார்கள். 1955-ல் யூஜீன் பாலி என்பவர் வயர் இல்லாமல் ஒளியால் இயங்கும் ஃப்ளாஷ்-மேட்டிக்கைச் செய்தார். டிவியின் நான்கு மூலைகளிலும் ஒளியை உணரும் கண்கள். டார்ச் அடிப்பதுபோல மூலையைக் குறிபார்க்க வேண்டும். ஜன்னல் வழியாக வெயில் பட்டாலும் டிவி தானாகச் சேனல் மாறியது. 1956-ல் ராபர்ட் ஆட்லர் வழி கண்டுபிடித்தார். பேட்டரியே இல்லாத ரிமோட். பட்டனை அழுத்தினால் உள்ளே ஒரு குட்டிச் சுத்தியல் அலுமினியக் கம்பியைத் தட்டும். மனிதக் காதுக்குக் கேட்காத ஒலி கிளம்பும். டிவி அதைக் கேட்டுக்கொள்ளும். இதிலும் சிக்கல். சாவிக்கொத்தோ சில்லறையோ குலுங்கினால் டிவிக்குக் கட்டளை போய்விடும்!

1980 வாக்கில் அகச்சிவப்புக் கதிர் வந்தது. இன்றும் பல ரிமோட்டுகளில் அதுதான். பிள்ளைகளுக்கு ஒரு செய்முறை: டிவி ரிமோட்டின் முன்முனையைச் செல்போன் கேமராவுக்கு நேரே பிடித்து பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி பல போன்களின் திரையில் ஊதா நிறத்தில் மின்னும். பின்கேமராவில் தெரியாவிட்டால் முன்கேமராவில் பாருங்கள்.

அந்த ஒளி சுவரைத் தாண்டாது. வெயில், சில்லறை என்று எத்தனை குளறுபடி நடந்தாலும் எல்லாம் அந்த அறைக்குள்தான். ரிமோட்டுக்குச் சண்டை வந்தாலும் ஒரே வீட்டு அண்ணன் தங்கைக்குள் வரும். யார் கையில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1984-ல் ஜப்பானின் டோமி நிறுவனம் ஆம்னிபாட் என்ற பொம்மை ரோபோவை விற்றது. நெஞ்சில் கேசட் பிளேயர். கையடக்க ரிமோட்டால் ஓட்டலாம். தட்டில் தம்ளரை வைத்தால் விருந்தினரிடம் கொண்டுபோகும். ஓட்டுகிறவர் அதே வீட்டில்தான் இருப்பார். தண்ணீரைக் கொட்டினால் யார் கொட்டியது என்று தெரியும்.

பிறகு ஒரு திருப்பம். 1990-ல் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ராட்னி புரூக்ஸ், காலின் ஏங்கிள், ஹெலன் கிரைனர் மூவரும் ஐரோபாட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதற்கு இரண்டு பிள்ளைகள் என்று சொல்லலாம். ஒன்று பேக்பாட். போர்க்களத்தில் குகைக்குள்ளும் வெடிகுண்டு அருகிலும் போகும். சிப்பாய் தூரத்தில் இருந்து அதை ஓட்டுவார். பிற்காலத்தில் வீடியோ கேம் ஆடும் கைப்பிடி போன்ற ஒன்றாலேயே ஓட்டினார்கள். இன்னொன்று ரூம்பா. 2002-ல் வந்தது. விலை சுமார் 200 டாலர். வீடு பெருக்கும். அதை யாரும் ஓட்டவில்லை. சுவரில் முட்டினால் திரும்பும், படிக்கட்டு ஓரம் வந்தால் நிற்கும். புரூக்ஸ் பூச்சிகளைப் பார்த்து யோசித்தவர். பெரிய திட்டம் எதுவும் இல்லாமல் எதிரே வருவதற்கு ஏற்ப நடந்துகொள்ளும் இயந்திரம். சண்டைக்குப் போன பிள்ளைக்குக் கண் இருந்தது, அதை ஓட்ட ஒரு கையும் இருந்தது. வீட்டுக்கு வந்த பிள்ளைக்குக் கேமராவும் இல்லை, ஓட்டுகிறவரும் இல்லை. நிம்மதி.

2015-ல் வந்த ரூம்பா 980-ல் கேமரா வந்தது. வீட்டின் அமைப்பைப் புரிந்துகொள்ள மேல்நோக்கிப் பார்க்கும் கேமரா. கூடவே வைஃபை, செல்போன் ஆப். வெளியூரில் இருந்தே பெருக்கச் சொல்லலாம். பிறகு பல நிறுவனங்கள் முன்பக்கம் கேமரா, மைக், ஸ்பீக்கர் எல்லாம் வைத்தன. போர்க்களத்துப் பிள்ளையின் கண்ணும் அதை ஓட்டும் கையும் வீட்டுப் பிள்ளைக்கும் வந்துவிட்டன.

இங்கேதான் அம்மாவின் கேள்விக்குப் பதில் இருக்கிறது. டிவி ரிமோட்டில் இருந்து கிளம்பும் ஒளி நேரே டிவிக்குப் போகிறது. ஆனால் என் மகன் டல்லாஸில் பட்டனை அழுத்தினால் அந்தக் கட்டளை நேரே எங்கள் ஹாலுக்கு வருவதில்லை. நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்குப் போய், அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிறது. அதற்கும் எங்கள் இருவருக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு வீடு இருக்கிறது. அதன் கதவு சரியாகச் சாத்தியிருந்தால் பயமில்லை. சாத்தாவிட்டால்?

2022 டிசம்பரில் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவ்யூ பத்திரிகை ஒரு செய்தி வெளியிட்டது. ஐரோபாட் சோதனைக்காகக் கொடுத்திருந்த ரோபோக்கள் 2020-ல் எடுத்த படங்கள் வெளியே கசிந்திருந்தன. அதில் ஒன்று, கழிப்பறையில் அமர்ந்திருந்த ஒரு பெண்ணின் படம். ரோபோவுக்கு இது நாற்காலி, இது நாய் என்று கற்றுக்கொடுக்கப் படங்களில் குறிப்பு எழுதும் வேலையை நிறுவனம் வேறொரு நிறுவனத்திடம் கொடுத்திருந்தது. அந்த வேலையைச் செய்தவர்களில் சிலர் வெனிசுவேலா நாட்டில் இருந்தார்கள். அவர்களிடம் இருந்து அந்தப் படங்கள் சமூக வலைதளக் குழுக்களுக்குப் போயின. அவை கடையில் விற்றவை அல்ல, சோதனைக்குச் சம்மதித்தவர்களின் வீட்டில் இருந்தவை என்று நிறுவனம் சொன்னது. சொன்னது சரிதான். ஆனால் நடுவீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டது.

2024 மே மாதம் அமெரிக்காவின் சில நகரங்களில் எக்கோவாக்ஸ் என்ற சீன நிறுவனத்தின் ரோபோக்களை யாரோ கைப்பற்றினார்கள். ஒரு வழக்கறிஞர் குடும்பத்தோடு டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது, ரோபோவில் இருந்து இனவெறி வசை கேட்டது. ஆப்பைத் திறந்து பார்த்தால் வேறு யாரோ உள்ளே நுழைந்து கேமராவைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. கத்திய ரோபோ இருந்தது அவர் வீட்டில். கத்தியவன் எங்கே இருந்தானோ.

போன வருடம், 2025 அக்டோபரில், ஒன்-எக்ஸ் என்ற நிறுவனம் நியோ என்ற மனித வடிவ வீட்டு ரோபோவுக்கு முன்பதிவு தொடங்கியது. விலை 20,000 டாலர். துணி மடிக்கும், பாத்திரம் எடுத்து வைக்கும். அதற்குத் தெரியாத வேலை என்றால், நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் தன் இடத்தில் இருந்தபடியே கண்ணில் கருவி மாட்டிக்கொண்டு, உங்கள் வீட்டில் இருக்கும் ரோபோவின் உடம்பில் புகுந்து அந்த வேலையைச் செய்வார். உங்கள் அனுமதி வாங்கிக்கொண்டுதான் வருவார், எந்த அறைக்குள் வரக் கூடாது என்று நீங்கள் சொல்லலாம் என்கிறார்கள். ஒளிக்காமல் சொன்னதற்கு அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். கடன் வாங்கிய புத்தி இப்போது மாதச் சம்பளத்துக்கு வந்துவிட்டது.

இதையெல்லாம் படித்ததும் ஆமையை எடுத்துப் பரணில் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். என் மனதை மாற்றியது ஹென்றி எவான்ஸ் என்பவரின் கதை.

கலிஃபோர்னியாக்காரர். 2002-ல், 40-வது வயதில், மூளைத்தண்டில் ஏற்பட்ட பக்கவாதத்தால் கை, கால் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. தலையைக் கொஞ்சம் அசைக்கலாம், ஒரு விரலை அசைக்கலாம். 2010-ல் டிவியில் பி.ஆர்.2 என்ற ரோபோவைப் பார்த்தவர், அதைச் செய்தவர்களுக்கும் ஜார்ஜியா டெக் ஆராய்ச்சியாளர்களுக்கும் தானே எழுதி, என்னை வைத்துச் சோதியுங்கள் என்று கேட்டார். தலையசைவால் கம்ப்யூட்டர் அம்புக்குறியை நகர்த்தி, விரலால் அழுத்தி, ரோபோவின் கையை ஓட்டினார். அரித்த முகத்தைத் தானே சொறிந்துகொண்டார். தானே சவரம் செய்துகொண்டார். பத்து வருடமாக அரிப்பு எடுத்தால்கூட இன்னொருவர் வர வேண்டும் என்று கிடந்தவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று, படுக்கையில் கிடந்தவர்களைப் பார்த்துக்கொண்ட நம் வீட்டுப் பெண்களுக்குப் புரியும்.

டோக்கியோவில் 2021 ஜூனில் டான் என்ற காபிக்கடை திறந்தார்கள். ஓரி லேபரட்டரி என்ற நிறுவனத்தின் ஓரிஹிமே ரோபோக்கள் அங்கே பரிமாறுகின்றன. அவற்றை ஓட்டுகிறவர்கள் தசை நோயால் படுக்கையில் இருப்பவர்கள், வீட்டை விட்டு வெளியே வர முடியாதவர்கள். விரலை அசைக்க முடியாதவர்கள் கண் அசைவால் ஓட்டுகிறார்கள். வந்தவர்களோடு பேசுகிறார்கள், சம்பளம் வாங்குகிறார்கள்.

எங்கள் வீட்டு ஆமைக்கும் எவான்ஸின் ரோபோவுக்கும் சாமான் ஏறக்குறைய ஒன்றுதான். கேமரா, மோட்டார், அலை. ஆனால் அங்கே படுத்திருந்தவர் கையில் கட்டுப்பாடு இருந்தது. எங்கள் வீட்டில் படுத்திருந்தவருக்கு அது எப்போது கண் திறக்கும் என்றுகூடத் தெரியாது. என் மகன் நல்லவன், அன்பானவன். ஆனால் அன்பு இருக்கிறது என்பதற்காகக் கதவைத் தட்டாமல் உள்ளே வந்துவிட்டான். நானும் அதற்கு ஒத்துக்கொண்டேன். ஹாலில் பாதி நாள் இருப்பது அம்மா. அவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் நானும் அவனும் முடிவு செய்தோம். கண்ணைக் கட்டிவிட்டு, அதைக் கட்டிய விஷயத்தைக்கூடச் சொல்லவில்லை. அது என் தப்பும்தான்.

மகனிடம் போனில் சொன்னேன். முதலில் சங்கடப்பட்டான். "நாளைக்கு நிஜமாவே விழுந்துட்டா என்னம்மா பண்றது?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. ஏழு கடல் தாண்டி இருக்கிறவனுக்கு அந்தப் பயம் எப்போதும் நெஞ்சுக்குள் இருக்கும். அவன் பயத்தையும் தள்ள முடியாது, அம்மாவின் மானத்தையும் தள்ள முடியாது. மூன்று பேரும் வீடியோ காலில் உட்கார்ந்து பேசினோம். முடிவைச் சொன்னது அம்மாதான்.

"வாசல்ல வந்து நின்னு குரல் கொடுக்கிற மாதிரி, முதல்ல போன் பண்ணு. நான் வாடான்னா ஆமையைக் கிளப்பு. நாலு தடவை அடிச்சும் ஒருத்தரும் எடுக்கலைன்னா, அப்ப நீ கேட்கவே வேணாம், வந்துடு."

அவ்வளவுதான் சட்டம். கூடவே சில வேலைகள் செய்தோம். ஆமையின் கேமரா சுவரைப் பார்க்கும்படி அதன் சார்ஜர் இடத்தை மாற்றினோம். படுக்கையறையும் குளியலறைப் பக்கமும் போகாதபடி ஆப்பில் கோடு போட்டான். பாஸ்வேர்டை மாற்றினான். என் போனிலும் ஆப்பைப் போட்டுக் கொடுத்தான். தினமும் பெருக்கத் தொடங்கும் பட்டனை இப்போது அழுத்துவது அம்மாவின் விரல். மாவுக்கட்டு பிரித்த அன்று முதல்முறை அழுத்தினார்கள். ஆமை கிளம்பியதும் ஒரு சிரிப்பு. "மூலையில குப்பையை உட்டுட்டுப் போவுது பாரு" என்று அதட்டல் வேறு.

போன வாரம் மதியம் அதே சிவப்புத் தரையில் படுத்திருந்தார்கள். போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு, "உம் மவன். தூக்கம் வரலை போல" என்றார்கள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, நிதானமாக எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபிறகு சொன்னார்கள்: "ம், வாடா."

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் என் மாணவர்களே, உங்களில் பலர் இங்கே இருக்கும் அப்பா அம்மாவுக்கு இப்படிக் கேமராவும் ரோபோவும் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள் என்று தெரியும். வாங்கிக் கொடுங்கள், தப்பில்லை. டீச்சர் பல வருடம் கழித்து ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். இன்று இரவே போன் போட்டு மூன்று விஷயம் கேளுங்கள். அது எப்போது பார்க்கிறது என்று அவர்களுக்குத் தெரியுமா? அதை எப்படி நிறுத்துவது என்று தெரியுமா? எந்த நேரத்தில் பார்க்கக் கூடாது என்று அவர்கள் நினைக்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்கு உடனே பதில் வராது. "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா" என்பார்கள். இரண்டாவது முறையும் கேளுங்கள்.

முடித்தவர்கள் கமெண்டில் எழுதுங்கள். நெற்றி புடைத்தவனும் வழி சொன்னவனும் கட்டாயம் வர வேண்டும்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்